செரசிக் கசப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் இருக்கும் என் மகள் ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது ஒரு பாக்கெட் காய்ந்த இலை கொண்டுவந்தாள். கரீபியன் மக்கள் அடிமை ஒழிப்பு நாளைக் கொண்டாடிய திடலில் வாங்கியதாம். ‘செரசி’ என்று பெயர். ‘முன்னோர் தந்த மூலிகை, விடுதலையின் சுவை’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் அப்படியே பாகற்காய்! “விடுதலைக்கும் வயிற்றுச் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? பாரம்பரியம் என்று சொல்லி எதை வேண்டுமானாலும் விற்கலாம்” என்று கணவர் சிரிக்கிறார். சர்க்கரைக்கு நல்லது என்று மகள் சொன்னதைக் கேட்டுத் தினமும் ஒரு டம்ளர் குடிப்பவரும் அவர்தான். உண்மையில் சம்பந்தம் உண்டா, வெறும் வியாபாரமா?

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. செரசி என்பது பாகல்தான். வேலியில் தானாகப் படர்ந்து சின்னஞ்சிறு காய் காய்க்கும் காட்டுப் பாகல். நாம் காயைச் சமைத்துவிட்டுக் கொடியை எறிகிறோம். ஜமைக்காவில் கொடியையும் இலையையும் உலர்த்திக் கஷாயம் போடுகிறார்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன் பிள்ளைகளுக்குச் செரசி கொடுத்து ‘ரத்தத்தைக் கழுவுவது’ அங்கே பழைய வழக்கம். என் பாட்டி இதே நோக்கத்தோடு விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு எங்களைத் துரத்துவாள்.

ஆனால் பாகல் அந்த மண்ணின் செடி அல்ல, கடல் கடந்து போனது. அதைக் குடித்த முன்னோரும் அங்கே இழுத்துவரப்பட்டவர்கள். ஆகவே ‘முன்னோர் தந்த மூலிகை’ என்பதை அப்படியே விழுங்க வேண்டாம். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் வந்தவர்கள் தெரிந்த செடியைத் தேடினார்கள், தெரியாததைப் பூர்வகுடிகளிடம் கேட்டுக்கொண்டார்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். சம்பந்தம் உண்டு. அட்டையில் அச்சிடக்கூடிய சம்பந்தம் அல்ல.

வீட்டு வாசல்களில் மயில்கொன்றை பார்த்திருப்பீர்கள். சிவப்பு இதழுக்கு மஞ்சள் கரை, நடுவிலிருந்து மீசை போல நீளும் செந்நூல்கள், பிறகு தட்டையான காய். மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் 1699-இல், தன் 52-ஆம் வயதில், பூச்சிகளை வரைவதற்காக இளைய மகளுடன், தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சுரினாமுக்குக் கப்பலேறினார். 1705-இல் வெளியிட்ட நூலில் இந்தச் செடியையும் வரைந்து ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். டச்சு எசமானர்களிடம் வதைபடும் பூர்வகுடிப் பெண்கள் இதன் விதையால் கருவைக் கலைத்துக்கொள்கிறார்களாம், பிள்ளையும் தங்களைப் போல அடிமையாகிவிடக் கூடாதென்று. கினியிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட பெண்களும், ஒழுங்காக நடத்தாவிட்டால் பிள்ளை பெற மாட்டோம் என்கிறார்களாம். அவர்கள் வாயாலேயே கேட்டதாகச் சொல்கிறார் மெரியன்.

தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அந்தத் தோட்டங்களின் சட்டம். ஒவ்வொரு பிரசவமும் எசமானின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவு. அந்த வரவை ஒரு பிடி விதையால் அழிக்க முடிந்தது. இதை எந்தக் கடைக்காரர் ‘நலவாழ்வு’ என்று விற்பார்? கரீபியன் தீவு நாடான பார்படோஸ் தன் தேசிய மலராக வைத்திருப்பதும் அரசுச் சின்னத்தில் பொறித்திருப்பதும் இதே மயில்கொன்றையைத்தான். (விதை நஞ்சு. யாரும் கைவைத்துவிட வேண்டாம்.)

எசமானர்களுக்கு இது புரியாமலில்லை. மூலிகையும் நஞ்சும் அறிந்தவர் என்று பெயரெடுத்த, தப்பியோடிய அடிமை மக்கண்டாலை இன்றைய ஹைட்டியில் 1758-இல் எரித்தார்கள். 1760-இல் ஜமைக்காவில் டேக்கி என்ற அடிமையின் தலைமையில் கலகம் வெடித்தது. அதையொட்டி வந்த சட்டம் ‘ஓபியா’வைத் தடை செய்தது. வைத்தியமும் மந்திரமும் பிரிக்க முடியாமல் கலந்த ஆப்பிரிக்க மரபு அது. கையில் வைத்திருக்கக் கூடாதவை என்று அந்தச் சட்டம் ஒரு பட்டியலே போடுகிறது: ரத்தம், இறகு, கிளி மூக்கு, நாய்ப்பல், முதலைப்பல், உடைந்த பாட்டில், கல்லறை மண், ரம், முட்டை ஓடு. பீரங்கி வைத்திருந்த அரசு முட்டை ஓட்டுக்குப் பயந்திருக்கிறது!

அதற்காக மூலிகை தெரிந்தவரெல்லாம் விடுதலை வீரர் என்று நினைத்துவிடாதீர்கள். சுரினாமில் குவாசி என்றொருவர் இருந்தார். அடிமையாக வந்தவர், பெரிய வைத்தியர். காய்ச்சலுக்கு அவர் கொடுத்த ஒரு கசப்பு மரத்துக்கு, செடிகொடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் அவர் பெயரையே சூட்டினார்: ‘குவாசியா அமாரா’. தாவரவியலில் தன் பெயர் நிலைத்த அந்த மனிதர், காட்டுக்குத் தப்பியோடியவர்களை வேட்டையாட வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியவரும்கூட. தப்பியோடியவர்களின் வழிவந்த சரமாக்கர்கள், தங்கள் முன்னோர் அவருடைய காதை அறுத்ததை இன்றும் கதையாகச் சொல்கிறார்கள்.

உங்கள் மகள் போன அந்தக் கொண்டாட்டத்தின் தேதி, ஆகஸ்ட் 1. பிரிட்டன் ஆண்ட கரீபியன் தீவுகளில் 1834-இல் அந்த நாளில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. பெரும்பாலான இடங்களில் ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் அதே தோட்டத்தில் அதே வேலை நீடித்தது. முழு விடுதலை 1838-இல்தான். ஈட்டுத்தொகையாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! அதற்கு வாங்கிய கடனை பிரிட்டன் அடைத்து முடித்தது 2015-இல். விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. எந்த இலை எதற்கு ஆகும் என்ற அறிவு மட்டும் யாரும் பறிக்க முடியாமல் அவர்களிடம் இருந்தது. டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டில் செரசிதான் டாக்டர். அட்டை வாசகம் பொய்யில்லை, கசப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இனி உங்கள் கணவர் குடிக்கும் டம்ளர். பாகல் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரை எடுப்பவரென்றால் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. டாக்டர் சரியென்றால், நம் ஊர் வேலியில் கிடைக்கும் கொடிக்கு லண்டன் பாக்கெட் எதற்கு என்றும் அவரிடம் கேளுங்கள். அதற்கும் சிரிப்பார்.