கேட் தாழ்ப்பாள் சத்தம்

அன்புள்ள சார்,

எனக்கு 36 வயசு. மூணு மாசமா டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுறேன். மூளையில செரட்டோனின்ங்கிற ரசாயனம் கம்மின்னு டாக்டர் சொன்னார், ஆனா அதெல்லாம் கட்டுக்கதைன்னு இப்ப படிச்சேன். சின்ன வயசுல அப்பா குடிச்சிட்டு ராத்திரி வருவார், கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே இன்னிக்கும் நெஞ்சு அடிச்சுக்கும். என் மூளை அப்பவே கெட்டுப்போச்சா? மாத்திரை வீணா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்க படிச்சது 2022ல மனநல மருத்துவர் ஜொஆனா மான்க்ரீஃப் குழு வெளியிட்ட ஆய்வைப் பத்தியா இருக்கும். செரட்டோனின் கம்மியானதாலதான் டிப்ரஷன் வருதுன்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்லைன்னாங்க, மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு அவங்க ஆராயவே இல்ல. குழம்புல உப்பு கம்மி மாதிரி விஷயம்னா மாத்திரை போட்ட அன்னிக்கே சரியாகியிருக்கணுமே, செரட்டோனின் சில மணி நேரத்துலயே ஏறிடுது, மனசு தெளிய வாரக்கணக்கா ஆகுது. நடுவுல மூளை மெதுவா தன்னை மாத்திக்குதுன்னுதான் நான் புரிஞ்சுக்கிறேன்.

உங்க தாழ்ப்பாளுக்கு வரேன். 2000த்துல கிறிஸ்டீன் ஹைம்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு, சின்ன வயசுல கொடுமை அனுபவிச்ச பெண்களை ஆளுங்க முன்னாடி பேச வச்சு மனக்கணக்கும் போட வச்சாங்க. அவங்கள்ல அப்ப டிப்ரஷன்லயும் இருந்தவங்களுக்கு ஏசிடிஹெச்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கொடுமையும் டிப்ரஷனும் இல்லாத பெண்களை விட ஆறு மடங்குக்கு மேல எகிறுச்சு. ஆபத்து எப்பவோ முடிஞ்சுபோச்சு, அலாரம் மட்டும் அந்த வயசுல வச்ச அளவுலயே நிக்குது.

அதை அணைக்கிற பிரேக் மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதியில இருக்கு, ஏசிடிஹெச் தூண்டிவிடுற கார்டிசால்ங்கிற இன்னொரு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறினதைப் பார்த்து போதும்னு சொல்ற ரிசெப்டர்கள், அதாவது ஹார்மோனைப் பிடிச்சுக்கிற புரதங்கள். மைக்கேல் மீனிங்கிற விஞ்ஞானியோட ஆளுங்க எலிகள்ல பார்த்தாங்க, குட்டியை நிறைய நக்கிக் கொடுக்கிற அம்மாகிட்ட வளர்ந்ததுங்களுக்கு இந்த ரிசெப்டர் அதிகம், கண்டுக்காத அம்மாகிட்ட வளர்ந்ததுங்களுக்கு கம்மி. பிறந்ததும் குட்டிகளை மாத்தி வச்சா வளர்த்த அம்மா மாதிரிதான் ஆகுது, அதாவது ரத்தம் மட்டும் காரணமில்ல. கண்டுக்காத அம்மாகிட்ட வளர்ந்ததுங்களுக்கு, இந்த ரிசெப்டரை உருவாக்குற ஜீன் மேல ரசாயனமா ஒரு பூட்டு விழுதுன்னு 2004ல காட்டினாங்க. அதே பேப்பர்ல வளர்ந்த எலியோட மூளைக்குள்ள ஒரு மருந்தைச் செலுத்தி அந்த வித்தியாசத்தையே அழிச்சும் காட்டினாங்க, இதை ஏனோ யாரும் ஷேர் பண்றதில்ல. எலி எலிதான், ஒத்துக்கிறேன், ஆனா "கெட்டுப்போச்சு"ங்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கல.

மாத்திரையை நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, தலைசுத்தல் பதட்டம்னு படுத்தி எடுத்துடும். குறைக்கணும்னா டாக்டரோட பேசி கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் அவர்கிட்ட அந்தத் தாழ்ப்பாள் கதையையும் சொல்லுங்க, இதுவரைக்கும் தூக்கம் வரலன்னு மட்டும்தான் சொல்லியிருப்பீங்கன்னு தோணுது.