எட்டுப் பேருக்கு ஒரு பூத் போதும்

ஏற்காடு நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் மகளிர் குழுவில் எட்டுப் பேர். யாரும் கட்சியில் இல்லை, காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். இப்போது ஆள்கிறவர்கள் அடுத்த தேர்தலில் போகவேண்டும் என்று நினைக்கிறோம். வாட்ஸ்அப்பில் வருவதை நாலு பேருக்கு அனுப்புவதைத் தவிர எங்களால் என்ன செய்ய முடியும்? நோட்டாவுக்குப் போடலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். ஓட்டு நாளன்று வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப்போகலாமா?”

நான் ஆசிரியராக இருந்த வருடங்களில் பல தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி அலுவலராகப் போயிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஆள்வது எந்தக் கட்சியானாலும் இந்த வழிகள் பொருந்தும்.

முதலில் நோட்டா. தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதன்முதலில் வந்ததே உங்கள் தொகுதியில்தான், 2013 டிசம்பர் இடைத்தேர்தலில். ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. ஆட்சி மாறவேண்டும் என்று நினைப்பவர் நோட்டாவில் போட்டால், எதிர்த்து ஜெயிக்கக்கூடியவருக்கு ஒரு ஓட்டு குறைகிறது, அவ்வளவுதான். எதிர் ஓட்டு ஒரு இடத்தில் சேரவேண்டும். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1967 தேர்தலில் தன் சுதந்திராக் கட்சியை திமுகவோடு கூட்டணி சேர்த்தது அதனால்தான். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 41 சதவீத ஓட்டு வாங்கியது. திமுக வாங்கியதைவிட அது கொஞ்சம் அதிகம்கூட. ஆனாலும் காங்கிரசுக்குக் கிடைத்தது 51 இடம், திமுகவுக்கு 137. அதனால் உங்கள் தொகுதியில் எதிரணியில் யாருக்கு வாய்ப்பு என்பதை எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். மனசுக்கு முழுக்கப் பிடித்தவராக அவர் இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம், தொகுதி முழுக்க வேலை செய்ய நினைக்காதீர்கள். உங்கள் பூத் ஒன்றே போதும். 2021இல் மேட்டூரில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 656 ஓட்டு. ஒரு தொகுதியில் சுமார் 300 பூத் என்று வைத்துக்கொண்டால், பூத்துக்கு இரண்டே சொச்சம். போன தேர்தலில் உங்கள் பூத்தில் யாருக்கு எத்தனை விழுந்தது என்பது படிவம் 20 என்ற பட்டியலில் இருக்கிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அதை எடுக்கலாம். அதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

உண்மையான வேலை வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. நான் அதிகம் பார்த்தது மனசு மாறாத வாக்காளர்களை அல்ல. பேர் இல்லாமல் திரும்பிப் போகிற வாக்காளர்களைத்தான். மலை ஊர்களில் கட்டிக்கொண்டு வந்த மருமகள்களின் பேர் பிறந்த ஊரிலேயே கிடக்கும். அவர்கள் படிவம் 8 கொடுத்து இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்க்க படிவம் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிரம்பியவர்கள் அந்தந்தக் காலாண்டிலேயே சேரலாம். 2025 கடைசியில், பட்டியல் முழுவதையும் அடியோடு சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்ததால், பல தேர்தலாக ஓட்டுப் போட்டு வருகிற பெரியவர்களின் பேரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் பாகத்தின் பட்டியலை எடுத்து, எட்டுப் பேரும் தெருக்களைப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள். இல்லாத பேரைக் குறித்து, உங்கள் பூத்தின் பட்டியலைக் கவனிக்கும் அலுவலரான பி.எல்.ஓ.விடம் விண்ணப்பம் கொடுக்க வைத்து, பேர் ஏறும்வரை விடாமல் கேளுங்கள். சந்தேகத்துக்கு 1950 என்ற எண் இருக்கிறது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எதுவும் மாறாது. அதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னாலேயே எல்லாம் கொடுத்தாகியிருக்க வேண்டும். எதிர்க்கருத்து உள்ளவர் பேரை நீக்க மட்டும் பொய்யாகப் படிவம் 7 கொடுத்துவிடாதீர்கள். அது ஒரு வருடம் வரை சிறை தரும் குற்றம், அதைவிடப் பெரிய பாவம்.

வீட்டுக்குப் போகும்போது அரசியல் பேசலாமா? தாராளமாக. ஆனால் ஆள்கிறவருக்குப் போன தடவை ஓட்டுப் போட்டவரிடம் ‘ஏமாந்துவிட்டீர்கள்’ என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். பஸ் வருகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பட்டா கிடைத்ததா என்று கேளுங்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பதில் சொல்ல ஆதாரம் வேண்டுமென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். கிராம சபையில் எழுந்து கேட்ட கேள்விக்கும் ஊரில் மதிப்பு உண்டு.

பணம் வாங்கியவர்கள் சத்தியத்துக்குப் பயப்படுவார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று சொல்லுங்கள். கூடவே, யார் எதற்குப் போட்டார்கள் என்று எவராலும் பார்க்க முடியாது என்பதை வயதான அம்மாக்களுக்குப் பொறுமையாகப் புரியவையுங்கள். பொத்தானை அழுத்தியதும் பக்கத்து இயந்திரத்தில் வரும் ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும்; அதைப் பார்ப்பது போட்டவர் மட்டும்தான்.

வேன் வேண்டவே வேண்டாம். வேட்பாளர் தரப்பில் வண்டி வைத்து ஆட்களை ஏற்றிப்போவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை. நீங்கள் ஆதரிக்கிறவருக்கே வினையாக முடியும். 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்கவேண்டும். மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து காலையிலேயே நடந்தோ பஸ் ஏறியோ போகட்டும். ஓட்டு நாளன்று தோட்டத்தில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, இதை மேஸ்திரியிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். வாக்காளர் அட்டை தொலைந்திருந்தால் பட்டியலில் பேர் இருந்தால் போதும். ஆதாரோ நூறுநாள் வேலை அட்டையோ காட்டலாம்.

நோட்டீஸ் அடிக்க நினைத்தால் இரண்டு விஷயம். அடித்தவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் அதில் இருக்கவேண்டும். ஒரு வேட்பாளருக்காகச் செலவு செய்வதென்றால் அவருடைய எழுத்துமூல அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். உங்கள் வேலைக்குக் காசே தேவையில்லை என்பதால் நோட்டீஸ் இல்லாமலே நடத்தலாம் என்பது என் கருத்து.

ஒருமுறை என் பூத்துக்கு ஒரு பாட்டி வந்தார். அவர் பேரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தவரைக் கூப்பிட்டு, விதி 49பி-யின்படி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கொடுத்தேன். அது வாக்கு எண்ணிக்கையில் சேராது, வழக்கு வந்தால் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கும். ஆனால் கையெழுத்துப் போட்டுச் சீட்டை வாங்கும்போது அந்தப் பாட்டியின் முகம் நிமிர்ந்ததை நான் மறக்கவில்லை. அப்படி ஒரு உரிமை இருப்பதை வேட்பாளர்கள் சார்பில் அங்கே உட்கார்ந்திருந்த ஏஜென்ட் ஒருவரும் சொல்லவில்லை.

அதனால் கடைசி வேலை இது. நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளரின் ஆட்களைச் சந்தித்து, உங்கள் எட்டுப் பேரில் ஒருவரையாவது பூத் ஏஜென்டாகப் படிவம் 10இல் நியமிக்கச் சொல்லுங்கள். அரசு ஊழியராக இருப்பவர் உட்காரக் கூடாது. ஊர் முகங்கள் தெரிந்த பெண் ஒருவர் அங்கே இருந்தால் கள்ள ஓட்டுப் போட வருகிறவன் வாசலிலேயே யோசிப்பான். ஓட்டுப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி ஓட்டு நடக்கும், அதற்கே போய்விடவேண்டும். சாயங்காலம் எத்தனை ஓட்டு பதிவானது என்பதை 17சி படிவத்தில் எழுதி, ஏஜென்டுகளுக்கு நகல் தருவார்கள். பசி, களைப்பு, கடைசி பஸ் என்று எதுவானாலும், அந்த நகலை வாங்காமல் எழுந்துவராதீர்கள்.