பலகைச் சுவரோரத்து வேலை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பனிக்கால விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் இருபது ஆண்டுகளாக கனடாவின் பிராம்ப்டனில் வசிக்கிறேன். பதினான்கு வயதாகும் என் மகன் இங்குள்ள ஓர் ஐஸ் ஹாக்கி அணியில் இடதுபக்க விங்கராக, அதாவது இடது ஓர முன்கள ஆட்டக்காரனாக, ஆடுகிறான். அவன் அறையில் பஞ்சாபி வம்சாவளி ஹாக்கி வீரர் அர்ஷ்தீப் பைன்ஸ் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். ஜூனியர் லீகில் யாரையும்விட அதிகப் புள்ளி எடுத்த அவரை, வான்கூவர் அணி ஏன் மூன்று பருவங்கள், அதன் சிறு லீக் அணி இருக்கும் அபட்ஸ்ஃபோர்டுக்கும் வான்கூவருக்குமாக அலையவிட்டது? ரஞ்சியில் ரன் குவித்தவரை வாசலில் நிறுத்தி வைப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. சிறு லீகில் திறமை தேய்ந்துவிடாதா? நம் நிறமும் இதற்குக் காரணமா? மகன் கேட்கிறான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்.,
பிராம்ப்டன்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

ரஞ்சி ஒப்புமையிலிருந்தே தொடங்குகிறேன். ரஞ்சி அணி தன் கோப்பைக்காக ஆடுகிறது. இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குழு வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சிறு லீக் என்று சொல்லும், 1936 முதல் நடந்துவரும் அமெரிக்கன் ஹாக்கி லீகின் அமைப்பு அப்படிப்பட்டதன்று. அதன் 32 அணிகளில் ஒவ்வொன்றும், என்.எச்.எல். என்னும் உயர்மட்ட நேஷனல் ஹாக்கி லீகின் அணி ஒன்றுடன் இணைந்தது. வான்கூவரின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அபட்ஸ்ஃபோர்டில் ஆடும் இளைஞருக்குச் சம்பளம் தருவதும், அவர் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்வதும், எழுபது கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் வான்கூவர் அணிதான். ஓர் ஆட்டத்தில் கோல்காப்பாளர்கள் நீங்கலாகக் களமிறங்கும் 18 பேரில் குறைந்தது 13 பேர் அனுபவம் குறைந்த வளர்நிலை ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்றும், அந்த 13 பேரில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டாதவர்களாக இருக்க வேண்டும் என்றும் அந்த லீகின் விதியே சொல்கிறது. பழைய கைகளை மட்டும் வைத்துக்கொண்டு கோப்பையைத் தட்டிச் செல்ல வழியில்லை.

இனி பைன்ஸ். வான்கூவரை அடுத்த சர்ரேயில் 2001இல் பிறந்தவர். 2019 முதல் 2021 வரை மூன்று ஆண்டுகளிலும் என்.எச்.எல். வீரர் தேர்வில் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. அதன் பிறகு, ஜூனியர் வயதின் கடைசிப் பருவமான 2021–22இல், ரெட் டியர் அணிக்காக 43 கோல் போட்டு 69 கோல்களுக்குத் துணை செய்து, 112 புள்ளிகளுடன் வெஸ்டர்ன் ஹாக்கி லீக் என்னும் ஜூனியர் லீகின் முதலிடத்தில் நின்றார். கோல் போட்டவருக்கு ஒரு புள்ளியும், அதற்கு முன் பக் என்னும் கெட்டி ரப்பர் வட்டைக் கைமாற்றிய இருவர் வரைக்கும் ஆளுக்கொரு புள்ளியும் தருவது இந்த விளையாட்டின் கணக்கு. அந்தப் பருவம் முடியும் தறுவாயில்தான் வான்கூவர் அவரை ஒப்பந்தம் செய்தது.

அந்த 112 புள்ளிகளை எடுத்தபோது அவருக்கு வயது 20, 21. எதிரே நின்றவர்களில் பலருக்கு 17, 18. இது அவர் சாதனையைக் குறைத்துச் சொல்வதாகாது. ஆனால் ஜூனியரில் அவர் செய்த வேலை ஒன்று, என்.எச்.எல். அவருக்கு வைத்திருந்த வேலை வேறொன்று என்பதை இதை வைத்தே விளங்கிக்கொள்ள முடியும். ஜூனியரின் நட்சத்திர விங்கருக்கு இருபது நிமிடம் ஆட்டம் கிடைக்கும். தண்டனையால் எதிரணியில் ஆள் குறையும்போதெல்லாம் அவரை இறக்குவார்கள். என்.எச்.எல்.லில் அந்த நாற்காலிகளில் ஏற்கெனவே பெரிய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். புதியவருக்கு, மாறி மாறி இறங்கும் முன்கள மூவர் குழுக்களில் மூன்றாம் அல்லது நான்காம் வரிசையில் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்தப் பத்து நிமிடத்தில் அவரிடம் கேட்கப்படுவது கோல் அன்று; கோல் வாங்காமலிருப்பது.

கோல் வாங்காமலிருப்பது என்பது என்ன வேலை என்று அபட்ஸ்ஃபோர்ட் அரங்கில் ஒரு காலைப் பயிற்சியின்போது கண்ணால் பார்த்தேன். மாலை ஆட்டத்தில் ஏழாயிரம் பேர் வரை உட்காரக்கூடிய அந்த இடத்தில் அப்போது முப்பது பேர்கூட இல்லை. துணைப் பயிற்சியாளர் ஒருவர் கோல் கூட்டின் பின்னால் நின்றுகொண்டு, பக்கைப் பலகைச் சுவரை ஒட்டிச் சுழற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். ஓர் இளம் விங்கர், களத்தின் நடுவுக்கு முதுகைக் காட்டியபடி, சுவரோரம் அதற்காகக் காத்திருந்தார். அதே நொடியில், தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து எதிரணியின் ஒரு தடியான பின்கள ஆட்டக்காரர் அவரை நோக்கிப் பாய்ந்து வருவார். பக் வந்து சேருமுன் விங்கர் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஸ்கேட்டின் விளிம்பாலோ மட்டையாலோ பக்கைத் தடுக்க வேண்டும். மோதலை இடுப்பில் வாங்கிக்கொண்டே அதை மையத்தில் வரும் தோழருக்குத் தட்டிவிட வேண்டும், முடியாதபோது நீலக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். முதல் ஐந்து முறையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து முறையும் பக் பறிபோனது. ஒட்டுப்பலகையில் தோள் மோதும் சத்தம் காலியான அரங்கில் ஒரு கதவை அறைந்து சாத்துவதுபோலக் கேட்டது. ஆறாவது முறை திரும்பிப் பார்த்தார். பயிற்சியாளர் பாராட்டவும் இல்லை, ஏழாவதை அனுப்பினார்.

இந்தச் சுவரோரத்தில் பக்கை இழந்தால், மேலே ஏறத் தொடங்கிவிட்ட தோழர்கள் நால்வரும் தவறான திசையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பக்கோ சொந்தக் கூட்டுக்கு வெகு அருகில் எதிராளியிடம் இருக்கும். காப்பாற்றினாலோ புள்ளிப் பட்டியலில் எதுவும் ஏறாது. பைன்ஸ் போன்றவர்கள் சிறு லீகில் கழிக்கும் காலத்தின் பெரும்பகுதி, பட்டியலில் ஏறாத இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் செலவாகிறது. திறமை தேயவில்லை என்பதற்குப் பட்டியலிலேயே சான்று இருக்கிறது: முதல் பருவத்தில் 66 ஆட்டங்களில் 38 புள்ளி எடுத்தவர், இரண்டாம் பருவத்தில் 59 ஆட்டங்களில் 55 எடுத்தார்; 2024இல் சான் ஹோசேயில் நடந்த, அந்த லீகின் நட்சத்திர ஆட்டப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். அந்த பிப்ரவரியில் கொலராடோவுக்கு எதிராக வான்கூவர் சட்டையை முதன்முறை அணிந்தார். அந்தப் பருவத்தில் எட்டு ஆட்டங்கள் ஆடினார், ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. முதல் கோல் அடுத்த அக்டோபரில் பிலடெல்பியாவில் வந்தது.

நிறத்தைப் பற்றிய உங்கள் ஐயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ராபின் பாவா, மேனி மல்ஹோத்ரா, ஜுஜார் கைரா ஆகியோருக்குப் பின் என்.எச்.எல்.லில் ஆடிய நான்காவது பஞ்சாபி வம்சாவளியினர் பைன்ஸ். இத்தனை பஞ்சாபியர் வாழும் நாட்டில் இது சிறிய எண்தான். ஆனால் அபட்ஸ்ஃபோர்டில் கழிந்த ஆண்டுகளுக்கு அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சேர்ந்த அதே 2022இல், ஸ்வீடனின் முதல்நிலை லீகில் அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற பெயரோடு லினஸ் கார்ல்சன் வந்து சேர்ந்தார். அவரும் அதே பேருந்தில் ஏறி, அதே சுவரோரத்தில் நின்று, அதே மூன்று பருவங்களைப் பெரும்பாலும் அங்கேயே கழித்தார்.

உங்கள் கோபத்தில் நான் ஒப்புக்கொள்ளும் பகுதி பணம் தொடர்பானது. 2023–24 முதல் 2025–26 வரை என்.எச்.எல்.லில் ஒரு முழுப் பருவத்துக்கான குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலராக இருந்தது. அதை நாள்கணக்கில் பிரித்துத் தருகிறார்கள். இரண்டு லீகுக்கும் தனித்தனி ஊதியம் எழுதப்பட்ட ஒப்பந்தம் உள்ள இளைஞர் கீழே இறங்கிய நாளில், பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் பெறுகிறார். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகத் தரக்கூடிய சம்பள வரம்பில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பதற்காக, ஆட்டமில்லாத நாளில் ஒருவரைக் காகிதத்தில் மட்டும் கீழே இறக்கி, மறுநாள் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் பல அணிகளில் இருந்தது. இதையும் ‘வளர்ச்சி’ என்ற சொல்லுக்குள் அடைக்க முயன்றபோது எனக்கும் எரிச்சல்தான் வந்தது.

கீழே அனுப்பாமல் விடுவதால் என்ன ஆகும் என்பதற்கு மல்ஹோத்ராவின் தொடக்கத்தைப் பாருங்கள். 1998 வீரர் தேர்வில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. கனடிய ஜூனியரிலிருந்து வந்த பதினெட்டு வயதுக்காரர் பருவத்தின் நடுவே அமெரிக்கன் ஹாக்கி லீகில் ஆட அன்றைய ஒப்பந்தம் இடம் தரவில்லை. ஒன்று ஜூனியருக்குத் திரும்ப வேண்டும், அல்லது நேரே என்.எச்.எல்.லில் ஆட வேண்டும். ரேஞ்சர்ஸ் அவரை வைத்துக்கொண்டது. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தும், இடையிடையே சில நிமிடம் ஆடியும் ஓர் ஆண்டு போனது. கோல் போடுவார் என்று எடுக்கப்பட்டவர், பின்னாளில் 991 ஆட்டங்கள் ஆடி 116 கோல் மட்டுமே போட்டார். ஆனால் பக்கை இருவருக்கிடையே போட்டுத் தொடங்கும் நேரத்திலும் தன் அணியில் ஆள் குறைந்த நேரத்திலும் நம்பி இறக்கக்கூடியவர் என்ற பெயர் எடுத்தார். 2024இல் அபட்ஸ்ஃபோர்டின் தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் அவர்தான். அடுத்த ஜூனில் ஷார்லட் அணியை ஆறாவது ஆட்டத்தில் 3–2 என்று வென்று, அபட்ஸ்ஃபோர்ட் அந்த லீகின் கால்டர் கோப்பையை எடுத்தது. மல்ஹோத்ரா அதே கோப்பையை 2000இல் ஹார்ட்ஃபோர்ட் அணியில் ஆட்டக்காரராகத் தூக்கியவர். பைன்ஸும் கார்ல்சனும் அன்று அந்தக் களத்தில் இருந்தார்கள்.

மகனிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்வதற்கு முன், அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் கோல் கணக்கை விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள். சுவரோரம் பக்குக்காகக் காத்திருக்கும்போது, அது வருமுன் அவன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.