பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில்கூட தண்ணீரின் தரம் ஏன் மாறுகிறது?

நிலத்தடி நீரின் தரம் என்பது பெரும்பாலும் அதில் எந்த உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதுதான். அதை முக்கியமாகத் தீர்மானிப்பது பாறை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு (அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் உப்பு) கலந்த கடினப் பாறைகள். விரிசல்களில் தண்ணீர் தங்கத் தங்க ஃப்ளோரைடு கரைந்து சேரும். தேயிலையை அதிக நேரம் ஊறவிட்டால் சாறு அடர்த்தியாவது மாதிரி. அதனால் விரிசல்களில் நெடுநாள் தங்கிய நீரை எடுக்கும் ஆழ்துளைக் கிணற்றில் ஃப்ளோரைடு, குடிநீருக்கான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டலாம், அருகிலுள்ள திறந்த கிணற்றில் குறைவாக இருக்கலாம். சென்னைக்கு வடக்கே கடலுக்கு அருகிலுள்ள மிஞ்சூரில் காரணமே வேறு: நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது.

மழையும் இந்த அளவுகளை மாற்றும். ஆகவே அதே கிணற்றில் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர், ஒரே ஒரு பரிசோதனையை நம்பி இருக்கக் கூடாது.

அப்புறம், கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.