கண்ணாடி வெட்டாமலே வீட்டில் வண்ணக் கண்ணாடி செய்ய முடியுமா?

தேவாலய ஜன்னல்களில் இருப்பதுபோல வீட்டிலேயே செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு. அசலில் வண்ணத் துண்டுகளை ஈயப் பட்டைகள் பிடித்து நிறுத்தும். நாம் அந்தப் பட்டையைப் போலியாகப் போடுகிறோம், அவ்வளவுதான். கோடு நன்றாக விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய போட்டோ ஃப்ரேமின் கண்ணாடி போதும். விளிம்பு கையைக் கிழிக்கும், ஆகவே ஃப்ரேமோடே இருக்கட்டும். சோப்பு நீரில் நனைத்த துணியால் நன்றாகத் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. வரைந்த படத்தை அடியில் வையுங்கள்.

ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டைக் கலந்து மெகந்தி கோனில் அடைத்துக்கொள்ளுங்கள். நுனி கண்ணாடியை உரசாமல் சற்றுத் தூக்கிப் பிடித்தால் கோடு நூல்போல விழும். கட்டங்கள் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஊசிமுனைச் சந்து இருந்தாலும் வண்ணம் பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்துவிடும். என் முதல் மயிலின் நீலக் கழுத்து மஞ்சளில் கலந்து பச்சையானது அப்படித்தான்!

ஓர் இரவு காயட்டும். அப்புறம் கிளாஸ் பெயிண்டைத் தேய்க்காமல் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரம்வரை நகர்த்துங்கள். குமிழி வந்தால் குண்டூசியால் குத்தலாம். காயும்வரை படுக்கைவாட்டில்தான் இருக்க வேண்டும், நிமிர்த்தினால் வழியும். சாதா அக்ரிலிக்கால் நிரப்பினால் வெளிச்சம் ஊடுருவாது.

குளியலறை ஜன்னலுக்கு மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் பசைக்கோடு இளகும்.