பெரியப்பா விட்டுச்சென்ற சுங்கான் தளம்: எதை முதலில் காப்பாற்றுவது?

கிளிநொச்சியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் பெரியப்பா லண்டனில் இருந்தவர். பழைய சுங்கான்களை (புகைபிடிக்கும் பைப்புகளை) சேர்ப்பதும், அவற்றில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் படமெடுத்து விளக்கம் எழுதுவதும்தான் அவருடைய பெரிய ஆசை. 1990களின் கடைசியில் அவர் தொடங்கிய இணையத்தளத்தில் இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. பல நாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் சுங்கானின் வயதைக் கணிக்கிறார்களாம். பெரியப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். நான் கணினி படித்தவள் என்பதால் பெரியம்மா தளத்தை என் பொறுப்பில் விட்டிருக்கிறா. டொமைன் இன்னும் சில மாதங்களில் முடிகிறது. போனில் தளம் சரியாகத் தெரியவில்லை, படங்களும் சின்னதும் மங்கலும். வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளுக்கு மாற்று, படங்களை ஏஐயால் தெளிவாக்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கோ, இது புகையிலைக்கு விளம்பரம் செய்வதாகிவிடுமோ என்று சங்கடம். எங்கிருந்து தொடங்குவது?"

உங்கள் கேள்விக்குள் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்று, புதுப்பிப்பது மற்றது. முதலாவது முழுசாக முடியும்வரை இரண்டாவதில் கை வைக்க வேண்டாம். தளத்தைத் திருத்தத் தொடங்கி, பாதியில் பழையதும் போய்ப் புதியதும் நிற்காமல் போன கதைகள் நிறைய.

இன்றைக்கே செய்ய வேண்டியது டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, புதுப்பிப்பது. டொட் கொம் வகைப் பெயர் என்றால், காலாவதியான பிறகும் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதுவும் தாண்டினால் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். இத்தனை வருஷமாக வெளித்தளங்களில் இருந்து இணைப்புகள் குவிந்த பெயரைச் சூதாட்டத் தளக்காரர் உடனே தூக்கிக்கொள்வார்கள். பெரியப்பாவின் கணக்குக்குள் போக முடிந்தால், பெரியம்மாவின் சம்மதத்தோடு முதலில் பணத்தை மட்டும் கட்டுங்கள். இங்கிருந்து அட்டையில் கட்டச் சிரமமானால் லண்டனில் உள்ள மச்சாளோ மச்சானோ கட்டட்டும். ஒரேயடியாக 10 வருஷம் வரைக்கும் கட்டி வைக்கலாம். உரிமையாளர் பெயரை மாற்றுவதை அதற்குப் பிறகு, மரணச் சான்றிதழோடு ஆறுதலாகச் செய்யுங்கள். உரிமையாளர் விவரம் மாறினால் 60 நாளுக்கு வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழக்கூடும் என்பதால்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன்.

அடுத்தது பிரதி. அதை இரண்டு வழியாக எடுக்க வேண்டும். ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் நிறுவனத்தின்) கணக்குக்குள் போய் எல்லாக் கோப்புகளையும் அப்படியே இறக்குவது ஒரு வழி. எந்தப் பக்கத்தில் இருந்தும் இணைப்பு இல்லாமல் அநாதையாகக் கிடக்கும் பக்கங்களும், பெரியப்பா ஏற்றிவிட்டு மறந்த படங்களும் இதில்தான் கிடைக்கும். இன்னொன்று, எச்டிடிராக் அல்லது டபிள்யூகெட் போன்ற இலவச மென்பொருளால் பார்வையாளர் காண்கிற மாதிரியே தளம் முழுவதையும் இறக்குவது. டபிள்யூகெட்டில் வார்க் என்ற ஆவண வடிவத்திலும் சேமிக்கலாம். அது சர்வதேச நியமமாக ஏற்கப்பட்ட வடிவம், நூலகங்களும் அதையே பயன்படுத்துகின்றன. இரவு டேட்டாவில் ஓடவிட்டு, ஒரு பக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் சில விநாடி இடைவெளி வையுங்கள். இல்லாவிட்டால் பழைய வழங்கி (சர்வர்) திணறி உங்களையே தடுத்துவிடும்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தளம் ஏற்கெனவே இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். நல்ல விஷயம்தான், அங்கேயும் பக்கங்களைச் சேமித்துவிடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே பல தளங்களின் எழுத்து இருக்கும், பெரிய படங்கள் விடுபட்டிருக்கும். உங்கள் தளத்தில் படம்தான் சாட்சி. 2009 அக்டோபரில் யாகூ தன் இலவசத் தளச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனையோ பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்களின் பக்கங்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. தன்னார்வலர்கள் ஓடி ஓடி அள்ளியதால் மிஞ்சியதைத்தான் இப்போது பார்க்கிறோம்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக் காப்பகங்களின் பொது விதி. 2009 வரைக்கும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பொலித்தீனில் சுற்றித் தூக்கிக்கொண்டு திரிந்த ஊரில் இந்த விதியை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒரு வன்தட்டு உங்களிடம், இன்னொன்று லண்டனில், மூன்றாவது இணையத்தில். பென் டிரைவை நம்பாதீர்கள். மின்சாரம் காணாமல் வருஷக்கணக்கில் லாச்சிக்குள் கிடந்தால் அதில் உள்ளது அழியலாம். வன்தட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள். மாரி மாதங்களில் நம் வீடுகளுக்குள் ஏறும் ஈரம் அதற்கு ஆகாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டால், எந்தக் கோப்பாவது கெட்டிருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை கணினியே பார்த்துச் சொல்லும்.

பெரியப்பாவின் கணினியை யாரும் ஃபோர்மட் பண்ணிவிட வேண்டாம் என்று இன்றே பெரியம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். அவருடைய மின்னஞ்சல்கள் அதற்குள் இருக்கும். எந்தப் படத்தை யார் அனுப்பினார், தளத்தில் போட அனுமதி தந்தாரா, எந்தச் சுங்கானைப் பார்த்து இந்த ஆண்டை முடிவுசெய்தார் என்பதெல்லாம் அந்தக் கடிதங்களில்தான். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருளைப் பாவித்திருந்தால் அவை பழைய டிபிஎக்ஸ் கோப்புகளாகக் கிடக்கும். அவற்றையும் பிரதி எடுங்கள்.

இனிப் புதுப்பிப்பது. அதற்கு முன், தளத்தில் உண்மையில் எதற்கு மதிப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். முத்திரை, படம், "இது இன்ன காலத்தது" என்ற கூற்று, அந்தக் கூற்றுக்கான ஆதாரம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கோத்திருப்பதுதான் மதிப்பு. டப்ளினின் பீட்டர்சன் நிறுவனச் சுங்கானை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டில் 'மேட் இன் ஏர்' என்று குத்தியிருந்தால், அயர்லாந்துக்கு ஏர் என்ற பெயரைத் தந்த 1937 அரசியலமைப்புக்குப் பிறகுதான் அது குத்தப்பட்டிருக்கும் என்று கொள்ளலாம். 'ரிப்பப்ளிக் ஆஃப் அயர்லாந்து' என்றால் 1949க்குப் பிறகு. வெள்ளி வளையம் இருந்தால், அதில் அமர்ந்த பெண் உருவமும் முடிசூடிய யாழும் பக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருக்கும். ஆனால் அந்த எழுத்து சொல்வது வெள்ளியின் ஆண்டை மட்டுமே. வளையத்தைப் பின்னாளில் மாற்றியிருந்தால் மரம் அதைவிடப் பழையது. இப்படி ஒவ்வொரு ஆதாரமும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை பெரியப்பா போன்ற ஒருவர் பத்தி பத்தியாக எழுதி வைத்திருப்பார். புதிய வடிவத்தில் "காலம்: 1937க்குப் பின்" என்று மட்டும் ஒரு கட்டத்தில் போட்டுவிட்டு அந்தப் பத்தியைத் தூக்கி எறிந்தால், தளம் அழகாகிவிடும், பயன் பாதியாகிவிடும்.

ஆகவே முதலில் ஒரு விரிதாளில் (எக்செல் மாதிரி) எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். உற்பத்தியாளர், நாடு, பொருள், முத்திரை இருக்கும் இடம், முத்திரையில் உள்ள எழுத்து உள்ளபடியே, சின்னம், காலம், ஆதாரம், படத்தின் எண், படம் தந்தவர். ஆதாரத்துக்கான கட்டத்தை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். பெரியப்பா ஆதாரம் எழுதவில்லை என்றால் "தள ஆசிரியரின் கருத்து" என்று போடுங்கள். அவர் எழுதியது தவறு என்று யாராவது காட்டினால் அதை அழிக்காமல், கீழே தேதியோடு புதிய குறிப்பைச் சேருங்கள்.

தேடும் வழியையும் மாற்ற வேண்டும், எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. பழைய தளங்கள் நிறுவனப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். பெயர் தெரிந்தவருக்குத் தளமே தேவையில்லை. தேவைப்படுகிறவர் கையில் இருப்பது வாய்ப்பிடியில் ஒரு புள்ளியோ கிரீடமோ உள்ள, எழுத்து தேய்ந்த சுங்கான். ஒற்றை வெள்ளைப் புள்ளி டன்ஹில் என்ற நிறுவனத்தின் அடையாளம், நான்கு நீலப் புள்ளிகள் சசியேனி என்ற நிறுவனத்துடையது. எனவே சின்னத்தின் வடிவம், நிறம், எண்ணிக்கை, இருக்கும் இடம் ஆகியவற்றால் தேடும்படி செய்தால், தளம் இதுவரை உதவாத ஆட்களுக்கும் உதவும்.

வேர்ட்பிரஸ் வேண்டாம் என்பேன். அதற்குப் பின்னால் ஒரு தரவுத்தளம், நீட்சிகள், இடைவிடாத புதுப்பிப்பு. இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடக்கூடும். உங்கள் உள்ளடக்கம் தினமும் மாறுவதில்லை. அந்த விரிதாளில் இருந்து ஹியூகோ போன்ற கருவியால் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக உருவாக்கி ஏற்றினால் போதும். போனில் சரியாகத் தெரியும், சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கும், உங்களுக்கு வேலை கிடைத்து நேரமில்லாமல் போனாலும் தளம் தானாக நிலைத்து நிற்கும். பலர் சேர்ந்து எழுதப்போகிறார்கள் என்றால் மட்டும் விக்கி மென்பொருளை யோசிக்கலாம்.

பழைய பக்க முகவரிகளை உடைக்க வேண்டாம். ஏலக் குறிப்புகளிலும் மற்றவர்களின் கட்டுரைகளிலும் அந்த முகவரிகளைக் கொடுத்திருப்பார்கள். கோப்புப் பெயர்களை அப்படியே வைத்திருப்பதே சுகம். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழையதில் இருந்து புதியதுக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் கொடுங்கள்.

எழுத்துருவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாமினியில் தட்டிய ஆவணத்தை யூனிகோடாக்கிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். பழைய பக்கங்கள் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியீட்டில் இருக்காது. அதிலும் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் இருந்து வரும் வெண்ணுரைக்கல் சுங்கான்களைப் பற்றிய பக்கங்கள் துருக்கிக் குறியீட்டிலும், பிரான்சின் சென்-க்ளோத் ஊரில் செய்த சுங்கான்களின் பக்கங்கள் மேற்கு ஐரோப்பியக் குறியீட்டிலும் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் மேற்கு ஐரோப்பியக் குறியீடு என்று நினைத்து ஒரே கட்டளையில் மாற்றினால், துருக்கிப் பெயர்களில் சில எழுத்துகள் வேறு எழுத்துகளாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கம் பக்கமாகக் குறியீட்டைப் பார்த்து மாற்றுங்கள்.

படங்களை ஏஐயால் தெளிவாக்கும் யோசனைக்கு என் பதில், கட்டாயம் வேண்டாம். டன்ஹில் சுங்கானில் 'இங்கிலாந்து' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன எண் வரும், அதுதான் ஆண்டைக் காட்டும். ஒரே எண் வேறு வேறு பத்தாண்டுகளில் திரும்பவும் வருவதால், எண்ணின் அளவும் அது இருக்கும் உயரமும்கூடக் கணக்கு. மங்கலான படத்தை ஏஐயிடம் கொடுத்தால் இல்லாத கோட்டைக் கற்பனை செய்து நிரப்பும். அப்புறம் அந்த எண்ணை யார் நம்புவது? பழைய படம் மங்கலாகவே இருக்கட்டும்.

வழி வேறொன்று இருக்கிறது. சுங்கான்கள் பெரியம்மாவிடம்தானே? மச்சாளிடம் சொல்லித் திரும்பப் படமெடுக்கச் செய்யுங்கள். ஃப்ளாஷ் கூடாது, மெருகு பூசிய மரம் பளிச்சென்று அடித்து எழுத்தை விழுங்கிவிடும். அறையை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கைத் தண்டின் பக்கவாட்டில், மரத்தோடு ஒட்டினாற்போலத் தாழ வைக்க வேண்டும். வெளிச்சம் சாய்ந்து வரும்போது குத்தின பள்ளங்களில் நிழல் விழுந்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட எழும்பி நிற்கும். சுங்கானைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி ஐந்தாறு கோணத்தில் எடுக்கட்டும். ஒரு கோணத்தில் தெரியாத எழுத்து அடுத்ததில் தெரியும். சட்டகத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலும் இருக்க வேண்டும். வெள்ளி வளையத்துக்கு எதிரே வெள்ளைத் தாளைப் பிடித்தால் கறுப்பு நிழலாட்டம் போய்விடும். முக்கியமாக, படத்துக்காக வெள்ளியைத் தேய்த்து மினுக்க வேண்டாம், மரத்துக்கும் பாலிஷ் போட வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் முத்திரை கொஞ்சம் கரையும்.

உரிமை விஷயம் சுருக்கமாக. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படியும் பிரித்தானியச் சட்டப்படியும் ஒருவருடைய எழுத்துக்கான பதிப்புரிமை அவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். பெரியப்பாவின் எழுத்துக்கு இப்போது அவருடைய வாரிசுகளே உரிமைக்காரர். பெரியம்மாவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அவ சம்மதித்தால், மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிடலாம். மற்றவர்கள் அனுப்பிய படங்கள் அவரவருடையவை. அவற்றை உங்கள் உரிமத்துக்குள் சேர்க்க முன்னர் கேளுங்கள்.

அம்மாவின் சங்கடம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்கிறது. ஆகவே பழைய தளத்தில் புகையிலைக் கடைகளின் பதாகைகளோ விற்பனை இணைப்புகளோ இருந்தால் புதியதில் அவற்றை எடுத்துவிடுங்கள். முதலில் எடுத்து மாற்றாமல் வைத்த மூலப் பிரதியில் மட்டும் இருக்கட்டும். "எது நல்ல புகை" என்ற மாதிரிப் பக்கங்களையும் கொண்டுவரத் தேவையில்லை. மீதியாக இருப்பது கைவினையும் வணிகச் சின்னமும் பற்றிய ஆவணம். சுங்கான்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களே இருக்கின்றன. அங்கே யாரும் புகைக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. புகையாத நீங்கள் இதைப் பராமரிப்பதில் ஒரு முரணும் இல்லை என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும், டொமைன் எந்த நிறுவனத்தில், பணம் எப்போது கட்ட வேண்டும், பிரதிகள் எங்கே, விரிதாளில் இருந்து தளத்தை உருவாக்குவது எப்படி என்று இரண்டு பக்கத்தில் எழுதி அச்செடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று லண்டனில். கடவுச்சொற்களை அதில் எழுதாமல் தனியாக, இரண்டு பேருக்குத் தெரியும்படி வையுங்கள். பெரியப்பா அப்படியொரு தாளை எழுதி வைத்திருந்தால் நீங்கள் இன்று இந்தக் கேள்வியின் பாதியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். டொமைனைப் புதுப்பித்ததும், ஹோஸ்டிங் கணக்குக்குள் போக முடிந்ததா என்று எனக்கு எழுதுங்கள். முடியாவிட்டால் செய்ய வேண்டிய முறை வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.