டிபியை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

பிளேஸ்மென்ட் நெருங்குகிறது, டைனமிக் புரோகிராமிங் (டிபி), அதாவது பெரிய கணக்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, கிடைத்த விடைகளை எழுதி வைத்துக்கொண்டே மேலே போகும் முறை, அது மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது, அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே தம்பி. ஆனால் ஐம்பது கணக்குக்கு விடையை உருப்போடும் வேலையை இன்றோடு நிறுத்து. ஒரே ஒரு கணக்கை முழுசாகப் பிடித்துக்கொள்: தடைகள் உள்ள கட்டத்தில், மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு, வலப்பக்கமோ கீழேயோ மட்டும் நகர்ந்து எத்தனை வழிகளில் போகலாம்? கோடிங் பயிற்சித் தளமான லீட்கோடில் 63ஆம் கணக்கு.

லேப்டாப்பை மூடிவிட்டு, பேப்பரில் நான்குக்கு நான்கு கட்டம் போடு. இரண்டாம் வரிசையின் இரண்டாம் கட்டத்தில் தடை. ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே வந்து சேர எத்தனை வழி என்று எழுதிக்கொண்டே போ. மேலே இருந்தோ இடப்பக்கமிருந்தோதான் வர முடியும் என்பதால் அந்த இரண்டு எண்களையும் கூட்டினால் போதும், தடை என்றால் 0. முதல் வரிசை 1 1 1 1, அடுத்தது 1 0 1 2, அப்புறம் 1 1 2 4, கடைசி 1 2 4 8. விடை 8. இதை வேறு விதமாகவும் சரிபார்: தடையே இல்லாவிட்டால் 20 வழிகள், அதில் தடைக் கட்டத்தின் வழியாகப் போகிறவை 2 × 6 = 12, கழித்தால் அதே 8. இன்டர்வியூவில் யாரும் கேட்காமலே இப்படிச் சரிபார்த்துக் காட்டு. நீ மனப்பாடம் செய்து வரவில்லை என்பது எதிரே இருப்பவருக்கு உடனே தெரியும்.

நிறையப் பேர் சறுக்கும் இடம் முதல் வரிசை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் 1 போடுகிறார்கள், ஆனால் அந்த வரிசையில் ஒரு தடை வந்தால் அதற்கு வலப்பக்கம் எல்லாமே 0தான். தொடக்கக் கட்டமே தடையாக இருந்தால் விடையும் 0.

ரிகர்ஷன் மட்டும் போதாதா, அதாவது எதையும் எழுதி வைக்காமல் ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து எண்ணினால் போதாதா என்று கேட்பார்கள். வலப்பக்கம் 20 அடி, கீழே 20 அடி, தடை இல்லை என்று வைத்துக்கொள்: 13,784 கோடிக்கும் மேல் வழிகள். அத்தனையையும் நடந்து எண்ணுவதா, 441 கட்டங்களை நிரப்புவதா? 32 பிட் இன்டிஜரில் அந்த எண் அடங்காது என்பதையும் நீயே சொல்லிவிடு. நினைவகத்தைக் குறைக்கச் சொன்னால் ஒரே ஒரு வரிசையை வைத்துக்கொண்டு அதையே மாற்றி மாற்றி எழுதலாம். நான்கு திசையிலும் நகரலாம் என்று மாற்றிக் கேட்டால் மட்டும் அவசரப்படாதே, எந்தக் கட்டத்தை முதலில் நிரப்புவது என்ற ஒழுங்கே அங்கே போய்விடுகிறது, இந்த முறை செல்லாது.

இது கைக்கு வந்ததும் ஆட்கோடர் என்ற கோடிங் போட்டித் தளத்தின் டிபி போட்டியில் எச் (H) கணக்கைப் போடு, பிறகு ஒய் (Y). ஒய்யில் கட்டத்தின் பக்கம் ஒரு லட்சம் வரை போகும், அட்டவணை போடவே முடியாது, ஆனால் தடைகள் அதிகபட்சம் 3,000தான். நீ பேப்பரில் 20லிருந்து 12ஐக் கழித்தாயே, அதைத்தான் அங்கே ஒவ்வொரு தடைக்கும் வரிசையாகச் செய்ய வேண்டும். ஒய் உடனே வராவிட்டால் பரவாயில்லை. எச் வரவில்லை என்றால் மட்டும், கோடிங்கைத் தொடாமல் திரும்பப் பேப்பருக்கு வா.